இரண்டாவது வைத்தியரிடம் எதைக் கொண்டு செல்வது?

மாமியின் கழுத்தில் இருந்த கட்டியை ஊசியால் குத்திப் பரிசோதித்து, லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தபோது, இன்னொரு வைத்தியரிடமும் கேட்போம் என்று நான் சொன்னதை அவர் விரும்பவில்லை. "பார்க்கிற டொக்டர் கோவிப்பார் மகள், பிறகு எந்த முகத்தோட கிளினிக்குக்குப் போறது?" என்பதே அவருடைய கவலை. காலையில் அரச வைத்தியசாலையில் பார்க்கும் நிபுணரையே மாலையில் தனியார் வைத்தியசாலையில் பணம் கட்டிச் சனல் பண்ணியும் சந்திக்கும் மட்டக்களப்பில் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் மறைத்துப் போவதை விட அந்த டொக்டரிடமே கேட்டுவிடுவது நல்லது என்று துணிந்து கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. மாமியின் பரிசோதனை மாதிரிகளைக் கொடுக்கும்படி ஆய்வுகூடத்துக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

அந்தக் கடிதத்தின் பெறுமதி எனக்குப் பின்னர்தான் விளங்கியது. நம்மில் பலர் றிப்போர்ட்டுகளை மட்டும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸிலோ உதயதேவி ரயிலிலோ கொழும்புக்குப் போகிறோம். றிப்போர்ட் என்பது ஒருவர் கண்டதை எழுதிய தாள். அதை இன்னொருவர் வாசிப்பதால் நோய் நிர்ணயம் மீளாய்வு செய்யப்பட்டதாகிவிடாது. நுணுக்குக்காட்டியில் பார்த்த கண்ணாடி ஸ்லைட்டுகளும், இழையத்தைப் பதித்து வைத்திருக்கும் சிறிய மெழுகுக் கட்டிகளும், ஸ்கான் படங்கள் உள்ள சீடியும் இரண்டாவது நிபுணரின் கைக்குப் போக வேண்டும். மெழுகுக் கட்டி இருந்தால் அதிலிருந்து புதிதாகச் சீவி, வேறு சாயங்களிட்டும் பார்க்கலாம்.

மாமியின் ஸ்லைட்டுகளைப் பார்த்த நோயியல் நிபுணர் முதற் கருத்தைத் தவறென்று சொல்லவில்லை. ஊசியில் வந்த கலங்களை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, கட்டியாக வீங்கியிருந்த நிணநீர்க் கணு முழுவதையும் எடுத்துப் பயொப்ஸி, அதாவது இழையப் பரிசோதனை, செய்ய வேண்டும் என்றார். லிம்போமாவில் ஒரு வகையான ஹொட்ஜ்கின் லிம்போமாவில் நோயைக் காட்டிக்கொடுக்கும் ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலங்கள் சாதாரண அழற்சிக் கலங்களுக்கு நடுவே மிகச் சிலவாகவே இருப்பதால் ஊசி அவற்றைத் தவறவிடக்கூடும். கழுத்தில் இதே போன்ற வீக்கத்தைக் காசநோயும் உண்டாக்கும். கணுவை எடுத்து, அந்தக் கலங்களை இனங்காட்டும் சிடி 30, சிடி 15 ஆகிய புரதக் குறிகாட்டிகளுக்குச் சாயமிட்டுப் பார்த்த பின்னர் ஹொட்ஜ்கின் என்று உறுதியானது. காசநோயாக இருக்கக்கூடாதா என்று வேண்டியிருந்த எங்களுக்கு அது பேரிடிதான். ஆனால் லிம்போமாவின் வகைக்கேற்ப மருந்து மாறும் என்பதால், இனி ஏற்றப்போவது இந்த நோய்க்குரிய மருந்துதான் என்ற தெளிவு கிடைத்தது. அதன் பிறகே மாமி சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

எல்லா நோயும் இப்படிக் காத்திருக்காது. கடுமையான இரத்தப் புற்றுநோய், முள்ளந்தண்டு வடத்தை அழுத்தும் கட்டி போன்றவற்றில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டே மற்றவரிடம் கேட்க வேண்டும். ஆகவே "எத்தனை நாள் பொறுக்கலாம்?" என்பதை முதல் வைத்தியரிடமே கேளுங்கள். இருவர் கருத்தும் முரண்பட்டால், மனதுக்குப் பிடித்ததைத் தெரிவு செய்யாமல், இரண்டாமவர் எழுதியதை முதலாமவரிடம் காட்டி, எதனால் வேறுபடுகிறது என்று விளக்கம் கேளுங்கள். ஸ்லைட்டுகளை வாங்கும்போது ஆய்வுகூட இலக்கத்தைக் குறித்து வைத்து, பார்த்து முடிந்ததும் அவற்றைத் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள். பின்னொரு நாளில் அவை மீண்டும் தேவைப்படலாம்.