மூன்று பேஸும் ஒரு பென்சனும்

2024 ஜூன் 15, சனி

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடுகிறது. கீழ்ச்சுருதி வாசிக்கிற என் பேஸ் கிற்றாரை எடுத்து அதன் கழுத்தோரமாக விரலை ஓட்டினால் கீறுகிறது. காற்று காயும்போது மரம் ஈரத்தை விட்டுச் சுருங்கும். கழுத்தின் குறுக்கே பதித்த பிரெட் கம்பி உலோகம், அது சுருங்காது. அதனால் கம்பி முனைகள் மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மாரி மழை வந்தால் திரும்ப அடங்கிவிடும்.

பின்னேரம் மாஸ்டர் சின்ன அரம் ஒன்றோடு வந்தார். கழுத்துப் பலகையில் நாடா ஒட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு முனையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து இரண்டு இழுப்பு இழுத்தார். பரீட்சைத் தாள் திருத்தினமாதிரி ஒன்றையும் தப்பவிடவில்லை. பதினேழாவது பிரெட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து, "இந்தப் பக்கம் நீர் வாறதே இல்லை. இதுக்கும் வேணுமோ?" என்று கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கணக்கு வாத்தியார். அரசாங்க ஊழியர் 65 வயது வரை வேலை செய்யலாம் என்றார்கள், பிறகு 60 என்றார்கள். 2022 டிசம்பர் 31ஆம் திகதி நாடு முழுக்க ஒரேயடியாக வீட்டுக்குப் போனவர்களில் இவரும் ஒருவர். இரண்டாமவன் ஹோட்டல்காரன். ஹோட்டல் வைத்திருக்கவில்லை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் இரவு வாசிக்கிறவன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பம். மூன்றாவது நான், சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் கம்பனியில் கணக்கெழுதுகிறவன். இன்னும் கொஞ்சக் காலத்தில் 60.

மூவரும் பேஸ்காரர்கள். எண்பதுகளில் இதே திருகோணமலையில், இதே திருவிழாக்களில் வாசித்தும் ஒரு மேடையில் சேர்ந்து நின்றதில்லை. ஒரு குழுவுக்குப் பாடகர் நாலு பேர் இருக்கலாம், கிற்றார் இரண்டு இருக்கலாம், பேஸ் ஒன்றுதான். மேடைக்குக் கீழே நின்று மற்றவனுடைய விரலைப் பார்த்ததோடு எங்கள் பழக்கம் முடிந்தது. கதைக்கத் தொடங்கியதே தலை நரைத்த பிறகுதான்.

2024 ஜூன் 23, ஞாயிறு

டச்பே கடற்கரையில் பிளேன்டீயோடு இருந்தோம். பாட்டுகளில் பேஸை யார் யார் எப்படிப் பிடித்தீர்கள் என்ற கதை வந்தது.

எங்கள் காலத்தில் சுரம் எழுதிய தாள் கிடையாது. இலங்கை வானொலிதான் பள்ளிக்கூடம். ஆனால் கைக்கு அடக்கமான றேடியோவில் பேஸ் எங்கே கேட்கும்? பேஸின் அடி நரம்பு விநாடிக்கு 41 தடவைதான் அதிரும். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. அதன் இரட்டை, மும்மடங்கு அதிர்வுகள் மட்டும் வெளியே வரும். அடியில் இருக்க வேண்டியதை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். மாஸ்டர் இதை விளக்கிவிட்டு, "நாங்கள் பாதியைக் காதால கேட்டம், பாதியைக் கணக்கால பிடிச்சம்" என்றார்.

நான் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், றெக்கோடிங் பாரில், போய் நிற்பேன். அங்கே பெரிய பெட்டி. கசெற் பதிகிற பெடியனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தால் ஒரே பாட்டை மூன்று தரம் போடுவான். ஹோட்டல்காரனுடைய வழி இன்னும் கெட்டித்தனம். இரட்டை வேகத்தில் கசெற்றை ஓடவிட்டால் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். பாடகர் குரல் கிளிக் குரலாகிவிடும், ஆனால் பேஸ் கிற்றாரின் உயரத்துக்கு வந்து தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு கீழே இறக்கி வாசிப்பானாம். அப்போதே இது தெரிந்திருந்தால் எனக்கு எத்தனை வடை மிச்சம்.

1976இல் இளையராஜா வந்த பிறகுதான் பேஸ்காரனுக்குத் தனியாக உழைக்க வேண்டி வந்தது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. அதுவரை மூலச் சுரத்தையும் பஞ்சமத்தையும் மாறி மாறித் தட்டினால் இரவு ஓடிவிடும். ராஜாவின் பாட்டில் பேஸ் தனியே ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். பாடகரை விட்டுவிட்டு அதை மட்டும் முணுமுணுக்கலாம். அவருடைய குழுவில் அதை வாசித்தவர் சசிதரன் என்பது எங்களுக்கு வெகுகாலம் பிந்தித்தான் தெரியும். கசெற் உறையில் வாத்தியக்காரர் பெயரை யார் போட்டார்கள்?

எங்களுக்கு முந்திய தலைமுறையில் இதே திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் சொந்தப் பாட்டோடு கிளம்பிய கதையையும் மாஸ்டர் சொன்னார். அது தனியாக எழுத வேண்டிய விசயம்.

2024 ஜூன் 24, திங்கள்

மனுசி கேட்டாள்: "ரிட்டயர் ஆனபிறகு என்ன செய்யப் போறியள்?" முன்னறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவது அவளுடைய திட்டம். பின்னறையில் பேஸுக்கான ஒலிபெருக்கிப் பெட்டி, அம்ப், வைப்பது என்னுடையது. வாடகைக்கு வருகிறவன் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டுவான் என்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது.

2024 ஜூலை 7, ஞாயிறு

இன்று காசுக் கதை.

என்னுடைய கணக்கு எளிது. சம்பளத்தில் 8 வீதம் நான், 12 வீதம் கம்பனி, எல்லாம் ஊழியர் சேமலாப நிதியில். ஆணுக்கு 55 வயதானால் எடுக்கலாம், நான் இன்னும் கை வைக்கவில்லை. மாஸ்டருக்கு மாதாமாதம் பென்சன். ஹோட்டல்காரனுக்கு ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க வேலை செய்தவன், ஆனால் எந்த ஹோட்டலும் அவனை ஊழியன் என்று எழுதிக்கொள்ளவில்லை. இரவு முடிந்ததும் ஒரு உறையில் காசு, ஒரு சாப்பாட்டுப் பார்சல். ஒழுங்காகக் கொடுத்தவர்களும் உண்டு, சீசன் முடிகிற நேரம் முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிய இடமும் உண்டு.

"எழுபது முடிஞ்சா முதியோர் காசு தருவாங்கள் மச்சான். அதுவரைக்கும் பைலா," என்றான்.

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த நாட்டில் ஆயிரம் கலியாண வீட்டை ஆடவைத்த பேஸ்காரர்கள் எல்லோருடைய நிலையும் இதுதான். வாத்தியக்காரனுக்கு ஓய்வு வயது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கை ஓய்கிற வயது மட்டும் சொல்லாமல் வந்துவிடுகிறது.

அவனிடம் ஒரு பழைய பேஸ் இருக்கிறது, இன்று கொண்டுவந்தான். 2004 டிசம்பர் 26 காலை அது கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மேடையில் கிடந்தது. முதல்நாள் நத்தார் இரவு வாசித்துவிட்டு, காலையில் வந்து எடுக்கலாம் என்று விட்டுவிட்டுப் போனவன். நாட்கள் கழித்து, சுவர் இருந்த இடத்துக்கு அப்பால் மணலுக்குள் கண்டெடுத்திருக்கிறான். கழுத்து நேராகவே இருந்தது, அதுதான் ஆச்சரியம். நரம்பின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பின் செம்புச் சுருளுக்குள் உப்புத் தண்ணீர் போய் ஒரு சத்தமும் இல்லை. இரும்புத் திருகாணிகள் துருவேறி மரத்தோடு ஒட்டிவிட்டன. ஒன்றின் தலை கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைச் சுற்றி அவன் துளை போட்டு எடுத்து, மரக்குச்சி அடித்து மூடியிருக்கும் வட்டம் இன்னும் தெரிகிறது. பிக்கப் புதிதாகப் போட்டான், வார்னிஷ் அடிக்கவில்லை. அந்த உப்பு வெள்ளை அப்படியே இருக்கட்டும் என்கிறான்.

மாஸ்டர் உடனே தொலைந்த பேஸ்களின் பட்டியலைத் தொடங்கினார். பீற்றில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹொஃப்னர் பேஸ் 1972இல் திருட்டுப் போனது. இந்த வருடம் பெப்ரவரியில்தான் அது திரும்பக் கிடைத்த செய்தி வந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் கம்பனிப் பாட்டுகளுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆட்காட்டி விரலால் அத்தனையையும் வாசித்தவர், அறாமல் நரம்பு மாற்றாத மனுசன். அவருடைய பேஸ் 1983இல், அவர் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் களவு போனது. ஹோட்டல்காரன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நரம்பு மாத்தாததில மட்டும் நானும் ஜேமர்சன்தான்."

உண்மைதான். 2022இல் டொலர் ஏறிய பிறகு ஒரு செட் நரம்பு வாங்குவது என்றால் வீட்டில் கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இந்த உப்புக் காற்றில் வட்டக் கம்பி சுற்றிய நரம்பு சீக்கிரம் கறுத்துவிடும். நான் பட்டையாகச் சுற்றிய நரம்புக்கு மாறிவிட்டேன். அதன் முகம் வழவழப்பு, வியர்வையும் அழுக்கும் தங்க இடுக்குக் குறைவு. சத்தம் கொஞ்சம் மந்தம்தான். இந்த வயதுக்கு அது பொருந்துகிறது.

2024 ஜூலை 20, சனி

போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக்கடை பூட்டு. ஆகவே தெளிவான பேச்சு.

மாஸ்டர் காது சோதிக்கப் போயிருந்தார். அறிக்கையைக் கொண்டுவந்து வாங்கில் விரித்தார். இடப்பக்கம் கீழ்ச்சுருதி, வலப்பக்கம் மேல்சுருதி. கோடு இடப்பக்கம் சமதரையாக வந்து, நாலாயிரம் அதிர்வுப் பக்கம் போனதும் பள்ளத்தில் விழுகிறது. வயது போகப் போக முதலில் மேல்சுருதிதான் போகும். ட்ரம்ஸின் தாளத் தட்டுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றவர்களுக்கு அது இன்னும் முந்தும். பேரப்பிள்ளை தொலைபேசியில் சொல்கிற "ச", "ஸ" அவருக்குப் பிரிவதில்லை. பேஸ் மட்டும் இருபது வயதில் கேட்டமாதிரியே கேட்கிறது.

"கடவுள் எங்களுக்கு மட்டும் ஒரு பென்சன் வைச்சிருக்கிறார் மேன்," என்றான் ஹோட்டல்காரன். வயலின்காரனாக இருந்திருந்தால் என்ன கதி என்று மாஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மான் ஒன்று அறிக்கையின் மூலையைக் கடிக்க வந்தது, விரட்டினோம். இந்த ஊரில் ஒன்றையும் வெளியில் வைக்க முடியாது.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. காலையிலிருந்து கடற்கரை நிறையச் சனம். நானும் அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்தேன்.

மாஸ்டரும் வந்திருந்தார். தலை ஈரம் காயமுன்னரே சொல்லிவிட்டார்: மகள் கனடாவுக்குக் கூப்பிடுகிறாள். பெற்றோருக்கான சுப்பர் விசா. 2022க்குப் பிறகு ஒரு பயணத்திலேயே ஐந்து வருடம் வரை அங்கே தங்கலாம். ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை ஒதுக்கி வைத்திருக்கிறாளாம்.

எனக்கு முதலில் வந்த கேள்வி பேஸைப் பற்றியது. அங்கே எப்படி வாசிப்பீர்கள்? அடி நரம்பின் ஒலி அலை ஒன்று எட்டு மீற்றருக்கும் மேல் நீளம். சுவர், கதவு எதையும் மதிக்காது, மேல்மாடியில் பேரப்பிள்ளையின் தொட்டில்வரை போகும். "ஹெட்போன்தான்," என்றார். "ஒரு சின்னப் பெட்டி இருக்காம், பேஸில குத்திப்போட்டுக் காதில மாட்டிறது."

சரி, ஆனால் ஹெட்போனில் யாரோடு வாசிப்பது? இதுதான் இந்த வாத்தியத்தின் வில்லங்கம். கீபோட்காரன் ஓய்வெடுத்தால் வீட்டில் தனியே இருந்து வாசிக்கலாம், ஒரு பாட்டு முழுசாகக் கேட்கும். கிற்றார்காரன் பாடிக்கொண்டே வாசிப்பான். பேஸ்காரன் தனியே இருந்து வாசித்தால் கேட்கிறவன் பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்பான். மற்றவர்கள் இருந்தால்தான் எங்களுக்கு வேலை. ஆகவே என்னுடைய ஓய்வுகாலத் திட்டம் என்று நான் எழுதி வைத்ததெல்லாம், அம்ப், பின்னறை, சேமலாப நிதியில் ஒரு பங்கு, எல்லாமே யார் ஊரில் இருப்பார்கள் என்பதில் தொங்குகிறது. அதை எந்தக் கணக்கிலும் போட முடியவில்லை. என்னோடு வாசித்த ட்ரம்ஸ்காரர் லண்டனில். பாடகி சிட்னியில். முதல் கிற்றார் வாசித்தவன் 1990க்குப் பிறகு எங்கே என்று எவருக்கும் தெரியாது.

மாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கப் போகிற மனுசனிடம் என்ன சொல்ல?

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

போகமுன்னர் மூவரும் ஒருக்கால் சேர்ந்து வாசிப்போம் என்று ஹோட்டல்காரன் அடம்பிடித்தான். எங்கள் பின்னறை. ஒரு அம்பில் இரண்டு பேர், மூன்றாமவர் என் பழைய றேடியோ செட்டில்.

முதல் பாட்டு படுமோசம். மூவரும் பழக்கதோசத்தில் அடி நரம்புக்கே போனோம். கீழ்ச்சுருதியில் இரண்டு சுரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே சேறாகிவிடும், மூன்று பேர் நின்றால் கேட்கவும் வேண்டுமா? யன்னல் கண்ணாடி மட்டும் தெளிவாக வாசித்தது. மனுசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

மாஸ்டர்தான் ஒழுங்கு செய்தார். அடியை ஹோட்டல்காரன் மட்டும் பிடிப்பது. மாஸ்டர் மூலச் சுரத்தோடு, ஒரு ஸ்தாயிக்கு மேலே உள்ள காந்தாரத்தைச் சேர்த்துப் பிடிப்பார். அவ்வளவு இடைவெளி விட்டால் இரண்டு சுரமும் குழம்பாமல் ஒலிக்கும், கிற்றாரில் பல சுரம் சேர்த்து மீட்டுகிற கோட் கேட்டமாதிரி இருக்கும். மெட்டு எனக்கு, பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேலே. "அரம் போட்டது வீண்போகேல்லை," என்றார்.

பிறகு ஹோட்டல்காரன் பறங்கியரின் ஆட்டப் பாட்டான கஃப்ரிஞ்ஞா ஒன்றைத் தொடங்கினான். ஆறுக்கு எட்டுத் தாளம். வலது கையின் அடிப்பகுதியை நரம்பின் மேல் இலேசாக வைத்து அமத்திக்கொண்டு கட்டைவிரலால் தட்டினான். ஒவ்வொரு தட்டும் நறுக்கென்று நின்று அடுத்ததற்கு இடம் விட்டது. ட்ரம்ஸ் இல்லாத குறையே தெரியவில்லை. எண்பதுகளில் மேடைக்குக் கீழே நின்று இந்தக் கையைத்தான் எரிச்சலோடு பார்த்தேன், அமத்துகிற இரகசியம் அன்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அடுத்த வீட்டுப் பெடியள் மதிலில் ஏறி இருந்து கேட்டார்கள். ஒருவன் இது என்ன பாட்டு என்று கேட்டான், நல்லகாலம் எப்போது தொடங்கும் என்று கேட்கவில்லை.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாஸ்டருக்குத் தோள்மூட்டு வலி. நாலு கிலோ வாத்தியத்தை விமானத்தில் காவ மாட்டாராம். அங்கே போய் நரம்பு நீளம் 30 அங்குலமான குட்டை பேஸ் ஒன்று பார்ப்பார், விரலுக்கும் நல்லது. 34 அங்குலத்தை இங்கே விட்டுப் போகிறார். விற்க அல்ல, இரவலாக. மதிலில் இருந்த பெடியளில் மூத்தவனுக்கு, ஹோட்டல்காரன் சொல்லிக்கொடுப்பது என்ற ஒப்பந்தத்தில். அதற்குச் சம்பளம் உண்டு, அதை நான் கொடுக்கிறேன். பன்னிரண்டு வீதத்தையும் சேர்த்துக் கொடு என்று ஹோட்டல்காரன் கேட்கிறான். பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெடியன் நாளைக்குப் பின்னேரம் வருகிறான். முதலில் ட்ரம்ஸ் அடிக்கிற சிநேகிதன் யாராவது இருக்கிறானா என்று கேட்க வேண்டும்.