புடைப்புத் தையலில் ஒரு கைப்பை

கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாகப் பின்னும் குரோஷாவில் புடைப்பாக எழும் தையல்களைப் பெரும்பாலோர் அழகுக்காகவே தேர்ந்தெடுக்கிறார்கள். மேசை விரிப்புக்கும் சால்வைக்கும் அது போதும்; கைப்பைக்குப் போதாது. தோளில் தொங்கி, உள்ளே சுமை ஏறி, நாள் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளில் ஒவ்வொரு தையலும் இழுவையைத் தாங்கியாக வேண்டும். ஆகவே பைக்கான தையலைக் கண்ணுக்குப் பிடித்ததா என்று மட்டும் பாராமல், அது துணிக்கு எவ்வளவு தடிப்பைத் தருகிறது, சுமை ஏறினால் எவ்வளவு நீள விடுகிறது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் வயர் கூடை போடத் தெரிந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் போட்டுப் பழகிய கைக்குப் புடைப்பு வேலை புதிதன்று. ஆனால் வயருக்கு இயல்பிலேயே விறைப்பு உண்டு. ஐப்பசியில் காவிரியில் நீராடும் கடைமுழுக்குக்குப் போய், ஈரத் துணிகளைத் திணித்துக்கொண்டு திரும்பினாலும் கூடை குலையாது. பருத்தி நூலுக்கு அந்த விறைப்பு கிடையாது. அதைத் தையல்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

கும்பகோணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் என் நாத்தனார் ஒரு பை கேட்டபோது, “அண்ணி, பார்க்க அழகா இருந்தா மட்டும் போதாது, டிபன் டப்பாவை வச்சதும் தொங்கிடக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். டப்பா, தண்ணீர் பாட்டில், குடை ஆகிய மூன்றையும் தாங்க வேண்டிய பைக்கு எந்தத் தையல் ஏற்றது என்று யோசித்ததில், பாபிள், பாப்கார்ன், பாஸ்கெட் வீவ் ஆகிய மூன்றும் என் முன் நின்றன.

பாபிள் என்பது ஒரே தையலுக்குள் ஐந்து டபுள் குரோஷாக்களை (நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையல்களை) அரைகுறையாகப் போட்டு, ஊசியில் சேர்ந்திருக்கும் ஆறு வளையங்களையும் ஒரே இழுப்பில் மூடுவது. பாப்கார்னில் ஐந்தையும் முழுதாக முடித்து, ஊசியைக் கழற்றி, முதல் தையலின் தலைக்குள் (மேல் விளிம்புக்குள்) நுழைத்து, விட்டுவந்த வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டுமே ஒரு தையல் இடத்தில் ஐந்து தையலுக்கான நூலை விழுங்கும். பாபிள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் எழாமல் பின்பக்கம் எழும் என்பதால், திருப்பித் திருப்பிப் போடும் வேலையில் அதை உள்பக்க வரிசைகளில்தான் வைக்க வேண்டும். திருப்பாமல் வட்டமாகச் சுற்றிப் போடும்போது ஒவ்வொன்றையும் விரலால் வெளிப்பக்கம் தள்ளிவிட வேண்டியிருக்கும். திருமணத்துக்குக் கொண்டுபோகும் சிறிய பைக்கு இவை மிகப் பொருத்தம். தினசரி ரயில் பயணத்தில் பலர் மேல் உராயும் பைக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். துருத்தி நிற்கும் உருண்டைகள்தாம் முதலில் அழுக்கேறிப் பிசிறு விடும்.

பாஸ்கெட் வீவ், கூடை முடைவதைப் பார்த்து அமைந்த தையல். கொள்ளிடத்துக்கு அருகே தைக்காலில் சாலையோரக் கடைகளில் தொங்கும் பிரம்புக் கூடைகளை உற்றுப் பார்த்தவர்களுக்கு, ஒரு பட்டை மேலேறி அடுத்தது கீழே போகும் அந்தக் கட்டம் உடனே பிடிபடும். குரோஷாவில் உண்மையில் எதுவும் மேலும் கீழும் போவதில்லை. ஊசியைத் தையலின் தலையில் நுழைக்காமல், தலைக்குக் கீழே நிற்கும் அதன் தண்டை முன்புறமிருந்து வளைத்து நான்கு, பின்புறமிருந்து வளைத்து நான்கு என்று டபுள் குரோஷா போடுகிறோம். முன்னது புடைக்கும், பின்னது பள்ளமாகும். நான்கு சுற்று முடிந்ததும் புடைப்பும் பள்ளமும் இடம் மாறும். தண்டை வளைத்துப் போடுவதால் துணி சாதாரண டபுள் குரோஷாவைவிட வெகுவாகத் தடிக்கிறது. பை தானாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அதே காரணத்தால் சுற்றின் உயரம் குறையும் என்பதையும், எதிர்பார்த்ததைவிட அதிகச் சுற்றுகளும் நூலும் தேவைப்படும் என்பதையும் நூல் வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

அடிப்பாகத்தை நீள்வட்டமாக, குட்டைத் தையலான சிங்கிள் குரோஷாவில் நெருக்கமாகப் போட்டேன். 31 சங்கிலியில் (தொடக்கத்தில் வரிசையாகக் கோக்கும் வளையங்களில்) தொடங்கி, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் முதல் தையலைப் போட்டு, இரு முனைகளிலும் மும்மூன்று தையல் வரும்படி சுற்றிவந்தால் முதல் சுற்றில் 62 தையல் நிற்கும். அதன்பின் சுற்றுக்கு ஆறு தையல் கூட்டினால் எட்டாவது சுற்றில் 104 வரும். எட்டால் வகுபடும் எண் என்பதால் கட்டங்கள் எங்கும் உடையாமல் சுற்றி வந்து சேரும். உடல்பகுதியைத் தொடங்கும் முன் ஒரு சுற்று வெறும் டபுள் குரோஷா அவசியம். வளைப்பதற்குத் தண்டு வேண்டும் அல்லவா? (நான் இங்கே சொல்வன அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டன் குறிப்புகளில் சிங்கிள் குரோஷாவையே டபுள் குரோஷா என்பார்கள். குறிப்பு எந்நாட்டுடையது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.)

நூலுக்கு மெர்சரைஸ்டு பருத்தியை எடுத்துக்கொண்டேன். 1844-இல் ஜான் மெர்சர் கண்டறிந்த, நூலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்தும் முறை அது. நூலுக்கு வலுவும் சாயப் பிடிப்பும் கூடும். இன்று கடையில் கிடைக்கும் நூலில் உள்ள பளபளப்பு, புடைப்பின் முதுகில் வெளிச்சத்தையும் பள்ளத்தில் நிழலையும் பிரித்துக் காட்டுகிறது. பல நிறம் கலந்த நூலும் கறுப்பும் இந்த வேலையை முற்றிலும் மறைத்துவிடும். சந்தன நிறமோ இளம்பச்சையோ போன்ற ஒரே வெளிர்நிறம்தான் போட்டவரின் உழைப்புக்கு நியாயம் செய்யும். ஊசியை நூலுறையில் குறித்த அளவைவிட ஒரு படி சிறிதாக எடுத்தால் துணி இறுகும். விரல்கள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

கைப்பிடியில் புடைப்பு வேலை கூடவே கூடாது. அதை அகலவாக்கில் சிறுசிறு வரிசைகளாகப் போடாமல் நீளவாக்கில் சிங்கிள் குரோஷா வரிசைகளாகப் போட்டால் நீளுவது வெகுவாகக் குறையும். அதன் பின்புறம் பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிட்டால் சுமை முழுவதையும் நாடாவே வாங்கிக்கொள்ளும். உட்புறத்துக்குக் காடாத் துணியை முதலில் நனைத்து உலர்த்தி, சுருங்க வேண்டியது சுருங்கிய பின்பே வெட்டித் தைக்க வேண்டும். அடியில் துணிக்கும் குரோஷாவுக்கும் இடையே, நீள்வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் அட்டை ஒன்று இருந்தால் டிபன் டப்பா சாயாது.

துவைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தடித்த பருத்தி நிறையத் தண்ணீர் குடிக்கும். ஈரத்தோடு கைப்பிடியில் தொங்கவிட்டால், அத்தனை கட்டுப்பாட்டோடு போட்ட பையும் தன் பாரத்திலேயே நீண்டுவிடும். அட்டையை எடுத்துவிட்டு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, உள்ளே காய்ந்த துண்டு ஒன்றைத் திணித்துப் படுக்கவைத்துத்தான் உலர்த்த வேண்டும். அடைமழைக் காலத்தில் நம் பகுதியில் அது எளிதில் காயாது என்பதால், ஐப்பசி பிறக்கும் முன்பே ஒருமுறை துவைத்து எடுத்து வைத்துக்கொள்ளும்படி நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.