சேர்ந்திசைக்குப் பாட்டு எடுப்பது எப்படி? செய்முறைத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

இசை ஆசிரியர் பயிற்சியின் செய்முறைத் தேர்வில், ஒரு குழுவைச் சொல்லி அதற்கு ஏற்ற பாட்டையும் காரணத்தையும் கேட்டார்கள். திருவையாற்றுப் பக்கம் படிக்கிற நமக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே மனசுக்குப் பிடித்ததை எடுத்துவிடுகிறோம். ராகம் பார்க்கும் முன் பாட்டின் கீழ் எல்லை, மேல் எல்லை ஸ்வரங்களை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் குழுவைத்தான் அதிகம் துருவுவார்கள். ஆண்களின் ஸ்ருதி 1 கட்டை (C), பெண்களின் ஸ்ருதி 5 கட்டை (G) என்று வைத்துக்கொள்வோம். பெண்களின் மத்யமமும் (ம) ஆண்களின் மேல் ஷட்ஜமமும் (ஸ) ஒரே ஸ்வரம். ஆகவே ஸ்ருதியை 1 கட்டையில் வைத்து, பெண்கள் அந்த ஸ்வரத்தையே ஷட்ஜமமாகப் பிடித்தால் இரு குரலும் ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை) இடைவெளியில் ஒட்டிப் போகும். ஆனால் பாட்டு மேல் ஷட்ஜமத்தோடு நிற்க வேண்டும்; மேல் காந்தாரம் வந்தால் பெண்கள் கத்த வேண்டியிருக்கும். மந்த்ர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) வரை இறங்கும் பாட்டும் வேண்டாம், ஆண்கள் குரல் அமுங்கிவிடும். இதைப் பாடியே காட்டுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் நான் யோசிக்காமல் எடுப்பது திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வரங்கள், அதாவது மேற்கத்திய மெட்டுப் பாணியில் அமைந்த சிறு பாட்டுகள். 'சக்தி சஹித கணபதிம்' பாடிப் பாருங்கள்: சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நேராகப் போகும். கமகம் அடர்ந்த பாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாக அசைக்கும், கேட்கச் சகிக்காது. குரல் உடையும் வயதுப் பையன்களை மட்டும் மேலே ஏற்றாதீர்கள்.

பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்றால் ஸ்ருதிச் சிக்கல் இல்லை.

பெருங்கூட்டத்துக்குத் தாளக்கட்டு முக்கியம். திருவையாற்று ஆராதனையில் தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை அத்தனை பேர் சேர்ந்து பாட முடிகிறதே, ஏன்? ஐந்துமே ஆதி தாளம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் சொல் உட்கார்ந்திருப்பதால் யாரும் இழுக்க முடியாது. தேவாரத்திலும் தாளத்தோடு பாடும் பதிகத்தை எடுங்கள். தாளமில்லாமல் பாடும் திருத்தாண்டகத்தை ஒருவரிடமே விடுங்கள்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கம் சர்ச் கொயரில் பாடிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமாலைக்கு (மேல்நாட்டு மெட்டில் பாடும் கிறிஸ்தவப் பாட்டு) நாலு குரல் போடலாம். மெட்டே அப்படி அமைந்தது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுங்கள். அங்கே ராகத்தின் வளைவுதான் அழகு, கீழே கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) சேர்த்தால் அது காணாமல் போகும். தேர்வாளர் இதைக் கேட்டால், அதே கீர்த்தனையின் ஒரு வரியை இரண்டு விதமாகவும் பாடிக் காட்டுங்கள்.