பெரிய வாரக் குறிப்புகள், 2025

13 ஏப்ரல், ஞாயிறு

குருத்தோலைச் சிலுவை அம்மாவின் கட்டில் தலைமாட்டில்.

இன்றே பௌர்ணமி. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்பு (ஈஸ்டர்) என்பது கணக்கு. பௌர்ணமியே ஞாயிற்றில் விழுந்ததால் ஒரு வாரம் தள்ளி 20. கீழைச் சபைகளுக்கும் இவ்வருடம் அதே 20. உயிர்ப்பை எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட முடிவுசெய்த நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டு ஆகும் வருடத்தில் எல்லோரும் ஒரே நாளில் கல்லறை திறக்கக் காண்போம். எத்தனை பெரிய அருள்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. ஈஸ்ட் சோதனை: அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை விளிம்புக்கு வந்தது. உயிர் இருக்கிறது.

15 ஏப்ரல், செவ்வாய்

பெரிய வெள்ளிக்குச் சுடும் சிலுவை பன்னில் முட்டை போடலாமா என்று அக்கா மறுபடியும். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தெளிவாகவே எழுதிவிட்டார்: சுத்தபோசன நாளில் தவிர்க்க வேண்டியது இறைச்சிதான்; முட்டை, பால், நெய்க்குத் தடை இல்லை. ஆனால் பாட்டி காலத்தில் தபசுகாலம் என்னும் நாற்பது நாள் நோன்பு முழுக்க முட்டை தொடமாட்டார்கள். உண்ணாமல் சேர்ந்த முட்டைதானே பாஸ்குவுக்கு, அதாவது உயிர்ப்பு நாளுக்கு, கூடை நிறைய வந்தது. சட்டம் விட்டுக்கொடுத்ததை வீடு வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமே. முட்டை இல்லை.

ஒரு முட்டைக்கு ஈடு: 40 மில்லி பால், 10 கிராம் வெண்ணெய் கூடுதல். மஞ்சள் கரு தரும் மென்மையை வெண்ணெய் ஈடுகட்டும், நிறத்தை ஈடுகட்டாது. பன் கொஞ்சம் வெளிறியே இருக்கும்.

16 ஏப்ரல், புதன்

அம்மாவுக்கு நன்மை (நற்கருணை) எந்த நாள்?

வியாழனும் வெள்ளியும் பூசையிலும் ஆராதனையிலும் மட்டுமே நன்மை. நோயாளிகளுக்கு மட்டும் எந்த நேரமும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். சனிக்கிழமை அதுவும் இல்லை. மரணத் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவாக மட்டும். அம்மாவுக்கு இந்த ஒழுங்கு தெரியும். அதனாலேயே, "சனிக்கிழமை யாரும் கொண்டுவர வேண்டாம் மக்களே" என்று இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளி காலை என்று சாமியாரிடம் சொல்லியாயிற்று.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

பாதம் கழுவும் பூசை மாலை 6.30. அதற்குள் மாவு பிசைந்து குளிரில் வைத்தாக வேண்டும். இந்த மூன்று நாளும் அடுப்புக்கு நேரம் சொல்வது கோயில்தான்.

மைதா 500, சர்க்கரை 75, வெண்ணெய் 70, பால் 300 மில்லி. உப்பு வழக்கமாக 8 கிராம், அம்மாவுக்காக 5. உப்புதான் ஈஸ்டை அடக்கிவைப்பது. அது குறைந்தால் மாவு வேகமாகப் பொங்கும். ஆகவே ஈஸ்டும் 5-லிருந்து 4 கிராம். பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், பட்டையும் கிராம்பும் ஈஸ்டை மந்தமாக்கும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகை.

நாகர்கோவிலில் ஏப்ரல் மதியம் மாவைச் சாதாரணப் பாலில் பிசைந்தால் பிசைந்து முடிப்பதற்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். பால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக. வெண்ணெய் கடைசியில், மாவு இழுபடத் தொடங்கிய பிறகு. முன்பே போட்டால் இழை சேராது. உலர்திராட்சை 130 கிராம், இருபது நிமிடம் வெந்நீரில் ஊறவைத்துத் துணியில் ஒற்றி, எல்லாம் முடிந்த பின். ஊறாத திராட்சை மாவின் ஈரத்தை உறிஞ்சும், மேலே துருத்தினால் கருகும்.

அரை மணி வெளியே, பிறகு மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜ்.

நள்ளிரவு வரை ஆராதனை. மாலைப் பூசையில் பாடிய வானவர் கீதத்தோடு கோயில் மணி ஓய்ந்துவிட்டது. இனி சனி இரவு வரை மரக்கட்டைத் தட்டல்தான்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஒருசந்தி நோன்பு. 5 மணிக்கு மாவு வெளியே. 90 கிராம் வீதம் 12 உருண்டை, தட்டில் ஒரு விரல் இடைவெளி. ஒன்றேகால் மணி நேரம். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்ப வேண்டும். உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும், எழும்பவே இல்லையென்றால் கடந்துபோயிற்று.

சிலுவைக்கு மைதா 75 கிராம், தண்ணீர் 75 மில்லி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். பால் கவரின் மூலையை நறுக்கி, அடுப்பில் வைக்கும் முன் மட்டும் இழுக்க வேண்டும். தளர்ந்தால் வழிந்து பக்கத்தில் இறங்கும், இறுகினால் பன் உப்பும்போது வெடிக்கும். கத்தியால் கீறுவது சுலபம்தான். ஆனால் வெந்ததும் கீறல் விரிந்து சிலுவை தெரியாது. சிலுவை தெரிய வேண்டும்.

190 டிகிரி, 20 நிமிடம். பன்னிரண்டாம் நிமிடம் தட்டைத் திருப்பவும். பின்பக்கம் சூடு அதிகம். சூட்டோடு சர்க்கரைப்பாகு ஒரு பூச்சு.

8.40-க்குச் சாமியார் வந்தார். அம்மா எழுந்து உட்கார்ந்தே நன்மை வாங்கினார். வேறென்ன வேண்டும்.

மூன்று மணி ஆராதனை. பிறகு கோயில் கஞ்சி, சிறுபயறு.

19 ஏப்ரல், சனி

பீடம் வெறுமை. நற்கருணைப் பேழை திறந்தே கிடக்கிறது.

முட்டை 12, வெள்ளை ஓடு. ஒரு வாரம் பழையதுதான் தோல் நன்றாக உரியும். பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தின் சருகு, ஒரு லிட்டர் தண்ணீர், அரைமணி கொதி. ஆறவைத்து வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர். மல்லித்தழையை ஓட்டில் ஒட்டி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி, குளிர்ந்த சாறிலேயே போட்டுச் சூடேற்ற வேண்டும். கொதிக்கும் சாறில் போட்டால் ஓடு கீறும். கொதி வந்து பத்து நிமிடம், பிறகு ஒரு மணி அப்படியே. செங்கல் நிறத்தில் வெள்ளை இலை.

எதையும் இன்று தொடக்கூடாது. ஒருசந்தி நேற்றோடு முடிந்தது, ஆனாலும்.

ஆப்ப மாவுதான் கவலை. உயிர்ப்புத் திருவிழிப்புப் பூசை இரவு 11-க்கு. வீடு திரும்ப 2 ஆகும். காலை 5.30-க்கு மாவு பதமாக இருக்க வேண்டும். கள் ஊற்றும் பழைய வழி தமிழ்நாட்டில் தடையால் இல்லை, ஈஸ்ட்தான். பச்சரிசி 3 கப் ஐந்து மணி நேரம் ஊறி, தேங்காய் ஒரு கப், சோறு முக்கால் கப், சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி. அரைத்த மாவில் மூன்று கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கப்பியாக (கூழாக) காய்ச்சி, முழுக்க ஆறிய பின்பே கலக்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும். கால் டீஸ்பூன் போட்டால் எட்டு மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளிக்கும், ஓரம் பூவேலை வராது. அதில் பாதி போதும். அரைத்தது இரவு 9.30.

உப்பு காலையில்.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

புது நெருப்பு. பாஸ்கு மெழுகுதிரியில் அகரமும் னகரமும், 2025, ஐந்து சாம்பிராணி மணிகள். வானவர் கீதத்தில் எல்லா மணியும் ஒன்றாக.

அல்லேலூயா.

மந்திரித்த தண்ணீரை அம்மாவின் நெற்றியில் தெளித்தோம், பிறகு அடுப்படியில். மாவு பதம். ஆட்டுக்கறி ஸ்டூவில் முதல் பால் தீயை அணைத்த பிறகே, கொதித்தால் திரியும். அம்மா ஒன்றரை ஆப்பம்.

3.30-க்கு ரோமை தொலைக்காட்சியில். திருத்தந்தை மாடத்தில். குரல் மிகத் தளர்ந்திருக்கிறது.

21 ஏப்ரல், திங்கள்

மீதிப் பன் ஐந்து. ஃபிரிட்ஜில் வேண்டாம், அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் வறண்டு இறுகும்; ஒன்று வெளியே மூடியோ, இல்லை நேரே உறைகுளிரிலோ.

மதியம் செய்தி. திருத்தந்தை பிரான்சிஸ் காலையில் இறந்துவிட்டார். நேற்றுத்தான் ஆசீர் தந்தார்.

அம்மாவிடம் அக்கா சொல்லட்டும். செபமாலை 7 மணி.

22 ஏப்ரல், செவ்வாய்

அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல். கஞ்சி, உப்பில்லாமல்.