மூன்றாவது வரி ஏன் விலகியது

ஒரே பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் செதுக்குவது கொழும்பில் பெயர்ப்பலகை செய்பவர்களுக்கு அன்றாட வேலை. கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு வேலைத்தளத்தில், முதலாளி தாமே பொருத்திய, கணினிக் கட்டளைப்படி செதுக்கும் சிஎன்சி இயந்திரம் மூன்றாவது வரியை எப்போதும் வலப்பக்கம் தள்ளிச் செதுக்குவதாகச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். சிங்கள வரி ஏறக்குறைய சரியாக இருந்தது. தமிழ் வரி சற்று விலகியிருந்தது. ஆங்கில வரியின் விலகல் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆங்கில எழுத்துக் கோப்பில்தான் பிழை என்று கருதி அதைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்திருந்தார்கள்; மின்வழங்கியையும் 24 வோல்ற்றிலிருந்து 36 வோல்ற்றுக்கு மாற்றியிருந்தார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் புதிய பாகம் வாங்கி வருவது சுலபம் என்பதால், அளந்து பார்ப்பதற்கு முன்பே மாற்றிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

வரிகளின் வரிசையைத் தலைகீழாக்கி, ஆங்கிலத்தை முதலில் செதுக்கச் சொன்னேன். ஆங்கிலம் நேராக வந்தது, சிங்களம் விலகியது. ஆகவே மொழிக்கும் கோப்புக்கும் இதில் பங்கில்லை. வேலை நீள நீளப் பிழை சேர்ந்துகொண்டே போகிறது.

இந்த இயந்திரத்தை நகர்த்துவது, ஒரு மின்துடிப்புக்கு ஒரு சிறு படி என்ற கணக்கில் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார். அது தான் நின்ற இடத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. கட்டுப்படுத்தி அனுப்பிய துடிப்புகள் அனைத்தும் நிறைவேறின என்ற நம்பிக்கையிலேயே இயந்திரம் ஓடுகிறது. எனவே பிழையின் குணத்தை வைத்துத்தான் காரணத்தை ஊகிக்க வேண்டும். சுமை தாங்காமல் மோட்டார் தடுமாறினால், அது நான்கு முழுப் படிகளின் மடங்குகளாகவே இடம் இழக்கும். சுற்றுக்கு 200 படிகள் கொண்ட மோட்டாரும் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் போல் ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டும் சேர்ந்தால் அது 0.1 மி.மீ. பாய்ச்சலாகத் தெரியும். இங்கோ, நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜின் ஊசி எங்கும் பாயாமல் சீராக ஊர்ந்தது. வேகத்தைக் குறைத்தும் ஊர்தல் குறையவில்லை. மோட்டாரைத் திருகுத் தண்டோடு இணைக்கும் கப்ளிங்கின் திருகுகளும் இறுக்கமாக இருந்தன. நீண்ட நேர்கோட்டில் இயந்திரத்தை ஓடவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தால் ஊசி பூச்சியத்திலேயே நின்றது.

அப்போது அங்கு வேலை செய்யும் தம்பி, யாரும் கேட்காமலே, "எழுத்தை வெட்டியெடுக்கிற வேலையில ஒரு பிரச்சினையும் இல்ல அண்ணா, உள்ள குடையிற வேலையிலதான் இழுக்குது" என்றார். எழுத்தின் ஓரத்தை வெட்டும்போது வெட்டுக்கருவி ஒரு சில முறைதான் திசை திரும்புகிறது. உட்புறத்தைக் குடையும்போதோ அது நெசவுத் தறியின் நாடாவைப் போல வலமும் இடமுமாக நூற்றுக்கணக்கான முறை திரும்புகிறது. இட வல நகர்வுக்கான X அச்சை 3 மி.மீ. போய்த் திரும்பும்படி 200 முறை ஓடவிட்டேன். ஊசி ஏறக்குறைய 1.25 மி.மீ. நகர்ந்திருந்தது. போகும் தூரத்தைப் பாதியாக்கியபோதும் அதே அளவுதான். முறைகளைப் பாதியாக்கியபோது பிழையும் பாதியானது. தூரமல்ல, திருப்பமே காரணம் என்பது அத்தோடு உறுதியாயிற்று.

மோட்டாரை இயக்கும் டிரைவர், ஒவ்வொரு படியையும் எட்டு நுண்படிகளாகப் பிரிக்கும்படி இருந்ததால், ஒரு மி.மீ.க்கு 320 துடிப்புகள் போகின்றன. 200 போய்வரவுகளில் 1.25 மி.மீ. என்றால், ஒவ்வொரு போய்வரவுக்கும் சரியாக இரண்டு நுண்படிகள். இந்த இரண்டு என்ற எண்ணே முடிச்சை அவிழ்த்தது. டிபி6600 வகை டிரைவர்களில் உள்ளே வரும் சைகைகள், ஒளி மூலம் சைகையைக் கடத்தும் ஒப்டோகப்ளர் வழியாகச் செல்கின்றன. அது விரைவாக இயங்கத் தொடங்கினாலும் அணைவதற்குச் சற்று நேரம் எடுக்கும். ஆகையால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும், திசைச் சைகை மாறி முடிவதற்குள் முதல் துடிப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. இடப்பக்கம் போக வேண்டிய அந்த ஒரு படி வலப்பக்கம் போவதால் வித்தியாசம் இரண்டாகிறது. மறுபக்கத் திருப்பத்தில் இத்தாமதம் இல்லாததால் அது ஈடுசெய்யப்படுவதில்லை. மேல் கீழ் வரிகளுக்கு நகரும் Y அச்சில் வேறு வகை டிரைவர் இருந்தபடியால் அங்கே பிழை தெரியவில்லை.

இங்கே கட்டுப்படுத்தியாக இருந்த அர்டுயினோ என்ற சிறு மின்பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள், வழக்கமான அமைப்பில், திசையை மாற்றிய உடனேயே துடிப்பையும் அனுப்பிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே தாமதம் சேர்க்கும் வரி ஒன்று அதன் அமைப்புக் கோப்பில் செயலற்றதாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் செயற்படுத்தி, 10 மைக்ரோ செக்கன் கொடுத்து, மென்பொருளை மீண்டும் ஏற்றினோம். பாகம் எதையும் வாங்கவில்லை. முதலாளிக்கு இது மகிழ்ச்சியைவிடச் சந்தேகத்தையே அதிகம் தந்தது என்று நினைக்கிறேன்.

அதே 200 போய்வரவுகளின் பின் ஊசி 0.02 மி.மீ.க்குள் நின்றது. அது புரியிலுள்ள தளர்வு. எத்தனை முறை ஓடினாலும் சேர்ந்து பெருகுவதில்லை. இப்போது அங்கே டிரைவர் மாற்றினால், பலகையைப் பூட்டுவதற்கு முன் அந்தப் போய்வரவு நிரலைத்தான் முதலில் ஓடவிடுகிறார்கள்.