ஆடிட்டா, டாக்ஸா?

"அண்ணா, ஆடிட்ல இருக்கட்டுமா, டாக்ஸுக்குப் போகட்டுமா?" எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி இன்றைக்கு மூன்றாவது முறையாகக் கேட்டான்.

சம்பளத்தை வைத்து முடிவு பண்ணாதேடா என்றேன். எந்த வேலையில் நேரம் போவதே தெரியவில்லையோ, அதைப் பார். ஆடிட் என்றால் குடோன் தூசிக்கு நடுவே நின்று ஸ்டாக் எண்ணணும். கம்பெனி எழுதி வைத்த ஸ்டாக் லிஸ்டிலிருந்து 10 அயிட்டம் எடுத்து ரேக்கில் தேடு. அப்புறம் ரேக்கிலிருந்து 10 எடுத்து லிஸ்டில் தேடு. முதல் தேடலில், இல்லாத சரக்கை இருப்பதாக எழுதியது மாட்டும். இரண்டாவதில், இருக்கிற சரக்கை எழுதாமல் விட்டது மாட்டும். இந்த இருபக்கத் தேடல் ருசித்துவிட்டால் நீ ஆடிட் ஆள்தான். நான் அப்படித்தான் மாட்டினேன்.

டாக்ஸ் வேறு ரகம். ஒரு விதிவிலக்கின் ஒற்றை வரியை நாள் முழுக்கப் படிக்கணும். சட்டம் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து. வரிக் கணக்கு தாக்கல் பண்ணும் கெடு தேதிக்கு முந்தின ராத்திரிதான் பாதி கிளையண்டுகளுக்கு பில்லே கையில் கிடைக்கும், அது தனிக் கதை.

திவால் கணக்கு, மோசடி விசாரணை எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் சின்ன ஆபீஸில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினான்.

"சரிண்ணா. இதுல எதுக்கு சம்பளம் ஜாஸ்தி?"