போர்ட் ஃபார்வர்டிங்: முதலில் வான் ஐபியைப் பாருங்கள்

எங்கள் குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் வீட்டில் ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் இருக்கின்றன. வெளியூரில் இருக்கும்போதும் அவற்றைப் பார்க்க வேண்டும். அதற்காகப் புகைப்பட சர்வரையே இணையத்துக்குத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர வழி தரும் வயர்கார்டு விபிஎன்னை நிறுவி, அதற்கான 51820 என்ற ஒரே ஒரு யுடிபி போர்ட்டை (எண்ணிட்ட ஒரு நுழைவாயில்; யுடிபி என்பது தரவு அனுப்பும் ஒரு முறை) மட்டும் திறப்பது என்று முடிவு செய்தேன். அந்தப் போர்ட்டுக்கு வருவதை ரவுட்டர் ராஸ்பெரி பைக்கு அனுப்பிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

ரவுட்டரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதன் அமைப்புப் பக்கமான 192.168.1.1 இல் உள்ளே போய், வீட்டுக் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பகுதியில் ராஸ்பெரி பையின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) 192.168.1.50 ஐ நிரந்தரமாக ஒதுக்கினேன். இதை விட்டுவிட்டால் என்றாவது கரண்ட் போய் வரும்போது அதற்கு வேறு எண் கிடைத்து, ஃபார்வர்டிங் வெற்றிடத்துக்குப் போகும். அப்புறம் 'விர்ச்சுவல் சர்வர்' பக்கத்தில் வெளி போர்ட், உள் போர்ட் இரண்டுக்கும் 51820, புரோட்டோகால் யுடிபி. சேமித்துவிட்டு, மொபைலில் வைஃபையை அணைத்து டேட்டா வழியாகச் சோதித்தேன். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிப்பது பல ரவுட்டர்களில் சரிவராது.

இணைப்பு கிடைக்கவில்லை. காரணம் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருந்தது. வான் (WAN) ஐபி, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுக்கும் முகவரி, 100.72 என்று தொடங்கியது. நம் ஐபியைக் காட்டும் இணையதளத்திலோ முற்றிலும் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012 இல் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை போதாததால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். இதுதான் சிஜிநாட். வெளியிலிருந்து வரும் பாக்கெட் நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். என் ரவுட்டரில் என்ன எழுதி வைத்தாலும் பயனில்லை. எத்தனையோ பேர் ரவுட்டரையே குறை சொல்லி மாற்றுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வாடிக்கையாளர் சேவையில் முதலில் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். "சார், எனக்கு ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி வேண்டும்" என்று, அதாவது மாறாத, எனக்கு மட்டுமேயான பொது முகவரியை, நேராகக் கேட்டதும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். போர்ட் திறக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது. மாதம் கொஞ்சம் கூடுதல் கட்டணம். ஐபி மாறியதும் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தன, விபிஎன்னும் உடனே இணைந்தது.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் தளங்கள் மட்டும் இன்னமும் மூடியிருக்கிறது என்றே சொல்கின்றன. கவலைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை யுடிபியை அல்ல, டிசிபி என்ற இன்னொரு முறையைத்தான் சோதிக்கும். அதோடு, சரியான சாவி இல்லாமல் வருபவர்களுக்கு வயர்கார்டு பதிலே தராது. எனக்கு அதில் மிகவும் பிடித்த குணம் அது. கையோடு, கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பி வசதியையும் ரவுட்டரில் அணைத்துவிட்டேன். நமக்குத் தெரியாமல் எந்தக் கருவியும் தானாகப் போர்ட் திறக்கக் கூடாது.